மேற்பார்வையும் மறுமொழியும்

நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் நம் மாணவரை இடறச் செய்யும் வினா ஒன்றுண்டு: "மேலதிகாரி அருகிலேயே நின்று கண்காணித்தால் பணி புரிவீரா?" "எப்படியும் புரிவேன், ஐயா" எனத் தலைவணங்கி விடுகின்றனர். இவ்விடை எனக்கு உவப்பன்று. ஜேம்ஸ் தெயிலர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டுக் கண்டி மலைகளிலே கங்காணியின் பார்வையிற் கொழுந்து கொய்தோரின் வழித்தோன்றல்கள் அல்லரோ இவருட் பலர்? அவ்வச்சம் இன்னும் நாவில் நிற்கின்றது. ஆயினும் கண்காணிப்பனைத்தும் அடிமைத்தனமன்று. கொழுந்து வாடும் பதத்தை மூத்தவர் அருகிருந்து காட்டாவிடில் இளையவன் கற்பதெங்ஙனம்? ஆதலின், "தொழில் பழகும்வரை அருகிருந்து திருத்துங்கள், பழகியபின் நாள்தோறும் கணக்கு ஒப்புவிப்பேன்" என நிமிர்ந்து கூறுக. சென்ற ஆண்டு என் மாணவனொருவன் இவ்வாறே கூறினான். சொல்லிக் கொடுத்தவன் யானே. வேலை கிடைக்கவில்லை. எனினும் அவ்விடையை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை.