பரீட்சை உண்டு, பாடம் சொல்ல ஆசிரியர் எங்கே?

பாதியில் படிப்பை விட்ட பிள்ளைக்கும் கதவு திறந்தே இருக்கிறது என்கிறார்கள் மேடைக்கு மேடை. எந்தக் கதவு? தனியார் பரீட்சார்த்தியாகப் பெயர் பதிந்து, கட்டணம் கட்டி, எஸ்.பி.எம். எழுதலாம். எழுதுவதற்கு முன் கற்றுக் கொடுப்பவர் யார் என்று மட்டும் கேட்கக் கூடாது! காசுள்ளவன் டியூஷனுக்குப் போகிறான். விடியுமுன் கத்தியும் வாளியும் தூக்கும் வீட்டுப் பிள்ளை எங்கே போவான்?

தோழர்களே, இதற்கு வழி காணாத உலகமா இது? நியூசிலாந்து அரசாங்கம் 1922-லேயே வெல்லிங்டனில் ஒரு தபால் பள்ளியைத் திறந்தது. பள்ளிக்கூட வாடையே எட்டாத ஒதுக்குப்புறப் பிள்ளைகளுக்காகத் திறந்தது. 1929-ல் இடைநிலைக் கல்வியும் சேர்ந்தது. பாடம் தபாலில் போகும். பிள்ளை எழுதிய விடை திரும்பி வரும். ஆசிரியர் திருத்தி, பிழை எங்கே என்று குறிப்பெழுதி மறுபடி அனுப்புவார். இன்று 'தே குரா' என்ற பெயரில் இணையத்தின் வழியும் அது நடக்கிறது. அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் உள்ள பள்ளி அது. பரீட்சைச் சீட்டுக் கொடுக்கும் ஆபீஸ் அன்று.

இந்தியாவில் 1979-ல் சோதனையாகத் தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி 1989-ல் தனி நிறுவனமாயிற்று. ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டு அவகாசம். பரீட்சை எழுத ஒன்பது வாய்ப்பு. தேறிய பாடம் தேறியதுதான். வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டிரண்டு பாடமாக எழுதி முடிக்கலாம்.

"வீட்டிலிருந்து படிக்கும் கூத்தைத்தான் பார்த்தோமே!" என்பீர்கள். ஆம், 2020 மார்ச்சில் பள்ளிகள் அடைபட்டபோது பார்த்தோம். வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் அப்பா பையில். 2021 பிப்ரவரியில் டிடிக் டி.வி. வந்தது, நல்லதே. ஆனால் எந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை என்று தொலைக்காட்சிப் பெட்டிக்குத் தெரியுமா? அது அவசரத்துக்குப் போட்ட பந்தல். அதைக் காட்டித் தூரக் கல்வியே உதவாது என்பவர்கள் நியூசிலாந்தின் நூறாண்டைக் கண்ணால் பார்க்கட்டும்.

நமக்கு வேறொரு பயம் உண்டு; நியாயமான பயம். 1923-ன் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வை என்றது. என்ன வைத்தார்கள்? பல இடங்களில் ஒரு கொட்டகை. கணக்கு எழுதிய நேரம் போகக் கிராணியே வாத்தியார், இல்லாவிட்டால் கங்காணி. சட்டம் நிறைவேறியது, பிள்ளை நிறைவேறவில்லை. துரைமார் தங்கள் பிள்ளைகளைக் கப்பலேற்றிச் சீமைக்கு அனுப்பினார்களே தவிர அந்தக் கொட்டகையில் உட்கார வைக்கவில்லை! தபால் பள்ளியும் அப்படியொரு சாக்காகிப் பள்ளி பஸ்ஸையும் விடுதியையும் வெட்டுவதற்குப் பயன்படுமானால், முதல் எதிர்ப்பு நம்முடையதாகவே இருக்கும். பள்ளிக்குப் போகக்கூடிய பிள்ளை பள்ளிக்கே போக வேண்டும்.

ஆகவே நாம் கேட்பதைத் தெளிவாகக் கேட்போம். கல்வி அமைச்சின் கீழ், கட்டணமில்லாத பள்ளி. விடைத்தாள் திருத்தப் பெயர் தெரிந்த ஆசிரியர். நியூசிலாந்தில் பெரும்பாலும் தாய்மாரே பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்த்தார்கள். நம் தாய்மார் அந்த நேரத்தில் மரத்தடியில் நிற்கிறார்கள். எனவே தோட்ட மண்டபத்தில் ஓர் அறை, விளக்கு, இணைய வசதி, சம்பளத்தோடு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். இலவசச் சேவை என்று கிராணிமார் தலையில் இதைக் கட்டவும் கூடாது.

கிளைக் காரியதரிசிகள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுதுங்கள். படிப்பை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர், எந்தப் படிவத்தில் விட்டார்கள் என்று லயம் லயமாகக் கணக்கெடுத்துத் தீர்மானத்தோடு இணைத்து அனுப்புங்கள்.