அஞ்சக் கற்கும் மீன்கள்

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்பது நம் ஊர்ப் பேச்சு. நீந்தக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் யாருக்கு அஞ்சவேண்டும் என்பதை அது பெரும்பாலும் கற்றே அறிகிறது. இதை எண்ணாத அன்பர்கள் சிலர், "அயல்நாட்டு மீனைக் குளத்தில் விட்டால் என்ன? நம் மீன் தானே தப்பிக்கொள்ளும்" என்கின்றனர். நான் அதை ஒப்பவில்லை.

மின்னோ என்னும் சிறு மீனின் தோல் கிழிந்தால் ஒரு பொருள் நீரில் கரைகிறது. அதை முகர்ந்த கூட்டம் சிதறி ஓடுகிறது. 1938-இல் இதை வெளியிட்டவர் காரல் வான் ஃபிரிஷ். அச்சப் பொருள் என்போமே! நம் கெண்டை, கெளுத்தி இனங்களிலும் இது உண்டு.

முன்பின் அறியாத பகையை அறிவிப்பதும் இதுவே. 'பைக்' என்னும் கொல்மீனைக் கண்டிராத வட அமெரிக்க மின்னோவுக்கு அதன் வாடை வெறும் வாடைதான். அதனோடு அச்சப் பொருளை ஒரே முறை சேர்த்துவிட்டால் போதும். பிறகு வாடை மட்டும் வந்தாலும் மிரள்கிறது. மின்னோவைத் தின்ற பைக்குக்குப் பழகாத மின்னோவும் அஞ்சுகிறது; அச்சப் பொருளற்ற வாள்வால் மீனைத் தின்ற பைக்குக்கு அஞ்சுவதில்லை. (பைக்கும் இலேசுப்பட்டதன்று, தான் தங்கும் இடத்தை விட்டு வேறிடம் போய்க் கழிவை விடுகிறதாம்!)

கங்கைப் பகுதிக்குரிய வரிக்குதிரை மீனை, மார்ஃபோலின் என்ற வெறும் வேதிப்பொருளுக்கே அஞ்சுமாறு பழக்கிய சோதனை 1990-இல் வெளியாயிற்று. பழகியவற்றோடு இருந்த பழகாத மீன்களும் அவ்வச்சத்தைக் கற்றுக்கொண்டன.

இவ்வளவு கூர்மை இருக்கக் கவலை ஏன் என்பீர்கள். அச்சப் பொருள் வெளிவர முதலில் ஒரு தோல் கிழியவேண்டுமே! பாடத்துக்குரிய சம்பளத்தை ஓர் உயிர் கட்டுகிறது. குஞ்சுகள் புதிது புதிதாகப் பிறக்கின்றன, கட்டணமும் தொடர்கிறது. கற்ற பின்னும் ஒளிய இடம் வேண்டாமா? கோடையில் வற்றிய குளத்தில் எங்கே ஓடும்? ஆப்பிரிக்கக் கெளுத்திக்கோ வற்றல் ஒரு பொருட்டன்று. காற்றைச் சுவாசித்துச் சேற்றிலும் பிழைக்கும். மைய அரசு 2000-இல் தடை விதித்தும் அதைக் கள்ளத்தனமாக வளர்ப்போர் உளர். வெள்ளத்தில் கரை உடைந்தால் அது ஆற்றுக்கல்லவா போகும்?

விடுதி அறையில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களே, மீன் பெருத்துவிட்டதென்று ஏரியில் விடாதீர்கள். வாங்கிய கடையில் கேட்டுப் பாருங்கள். பெரிய தொட்டி உள்ளவருக்குக் கொடுங்கள்.