கல்லூரியும் ஊர்க் கிணறும்

உயர்கல்வி என்றவுடன் நம்முள் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவன பட்டமும் பதவியுமே. இதற்காக மாணவர்களைக் குறை கூறுதல் தகாது. இந்நாட்டில் பல்கலைக்கழகங்கள் பிறந்த முறையே அத்தகையது. சார்லஸ் உட் 1854இல் விடுத்த கல்வி அறிக்கையை ஒட்டி, 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகங்கள் அன்றைய இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி அமைந்தவை. பாடம் நடத்துவதற்காக அல்ல, தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதற்காகவே அவை எழுந்தன. கற்பிப்பவர் ஓரிடம், வினா அமைப்பவர் வேறிடம், விடை திருத்துபவர் மற்றோரிடம் என்றான பின்னர், ஆசிரியரும் மாணவரும் கூடியமர்ந்து ஒரு பொருளை ஆராய்வதற்குத் தேவைதான் என்ன? கடைவீதி ‘நோட்ஸ்’ போதுமே! 1978 முதல் தமிழ்நாட்டில் தன்னாட்சிக் கல்லூரிகள் தோன்றின. வினாத்தாள் கல்லூரிக்குள் வந்தது. ஆயினும் பழைய பழக்கம் முற்றிலும் வெளியேறிவிட்டதாகக் கூற இயலவில்லை.

கல்லூரிக்குள் நுழைவதே பெரும்பாடாக இருந்த காலத்தில் இவ்வினாக்களை எழுப்புவது பொருந்தாமல் இருந்திருக்கலாம். 2021–22ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. அதே கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பயின்ற 4.33 கோடி மாணவர்களுள் முஸ்லிம்கள் ஏறத்தாழ 21 இலட்சம், அதாவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்பதைச் சமுதாயப் பெரியோர்கள் கவலையோடு நோக்குகின்றனர். அக்கவலை நியாயமானதே. எனினும், வாயிலைத் திறந்து வைத்தவுடன் கடமை முடிந்துவிடுமா? உள்ளே வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டியதன்றோ?

பாலாற்றுப் படுகையைச் சான்றாகக் காண்போம். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. தோல் வணிகரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயர் தாங்கிய கல்லூரி 1965இல் மேல்விஷாரத்தில் எழுந்தது. தோல் தொழிலில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈந்த அப்பெருமக்களின் கொடையை நன்றியோடு நினைக்கிறோம். அதே தொழிலின் கழிவு அதே ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது என்பதும் மறைக்க இயலாத உண்மையே. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதை அது எடுத்துக்காட்டியது. இந்தக் கணக்கைத் தந்தது வேலூரிலிருந்த வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையம். திண்டுக்கல் வட்டாரத்தின் 13 ஊர்களில் 467 கிணறுகளுள் 350 மாசுபட்டன என்று எண்ணிச் சொன்னது ஒரு தொண்டு நிறுவனம். நீதிமன்றத்தின் முன் நின்ற சான்று கிணறு கிணறாகச் சென்று எடுத்த கணக்கு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வேதியியல் ஆய்வுக்கூடம் உள்ள எந்தக் கல்லூரியும் செய்யத்தக்க பணி அது. அதற்குப் பெருஞ்செல்வமும் வேண்டியதில்லை.

‘கொடை தந்தவர் தொழிலைக் கொடை பெற்ற கல்லூரி ஆராய்வதா?’ எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அத்தொழிலால் எரிகிறது என்றும் கூறுவர். ஆம், எரிகிறது, அவற்றுள் பல ஏழை முஸ்லிம் குடும்பங்கள். அந்த நீரை இறைத்துக் குடித்தவர்களும் அத்தகைய ஏழைகளே என்பதை நாம் மறத்தல் ஆகாது. ஆய்வு தொழிலுக்குப் பகையன்று. 1948இல் சென்னையில் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உப்பையும் குரோமியத்தையும் குறைக்கும் வழிகளை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் பொது நிலையங்களும் வந்தன. ஆயினும் துயர் தீர்ந்தபாடில்லை. 2025 ஜனவரியில் இதே பாலாற்றுக்காக உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணை பிறப்பிக்க நேர்ந்ததே போதிய சான்று. கொடையாளரின் பெயருக்கு உண்மையான சிறப்பு, அவர் கட்டிய கட்டடத்தில் அமர்ந்து அஞ்சாமல் அளந்து சொல்வதில்தான் உள்ளது என்பது என் துணிபு.

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று வினவலாம். அங்குதான் பெருவேலை இருக்கிறது. நீரைப் பற்றிய ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பெற்று நூலக அலமாரியில் துயில்கின்றன. எவருடைய கிணற்றைப் பற்றியதோ அவரால் அதைப் படிக்க இயலாது. ‘நீரில் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்’ என்பதை, ‘இந்நீரில் நெல் வருமா, தென்னை நிற்குமா, குழந்தைக்குக் கொடுக்கலாமா’ என உழவர்க்கு விளங்கும்படி எழுதுதல் எளிய கலையன்று. பழந்தமிழ் உரையாசிரியர்கள் செய்ததும் இத்தகைய பணியே. அருஞ்சொல்லை அறிந்த சொல்லால் விளக்கினார்கள். அரபுத் தமிழில் எழுதிய ஆலிம்களும் மக்கள் பேசும் தமிழை விட்டு விலகாமல்தான் மார்க்கச் சட்டங்களை அவர்தம் இல்லம்வரை கொண்டுசேர்த்தார்கள். அம்மரபின் வழிவந்த துறை, செய்யுள் நலம் பாராட்டுவதோடு நின்றுவிடலாமா? (செய்யுள் நலத்தை நான் குறைத்து மதிப்பதாக எவரும் கருதற்க.)

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். வேதியியல் துறை மாணவர் இருவரும் தமிழ்த்துறை மாணவர் இருவரும் சேர்ந்த குழுக்கள் அமைத்து, கல்லூரியைச் சுற்றியுள்ள ஊர்க் கிணறுகளுக்கு ஒரு பதிவேடு தொடங்கலாம். ஆழம், சுவை, உப்பின் அளவு, அக்கிணற்றைப் பற்றி அவ்வூர் முதியோர் சொல்லும் செய்தி ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். ஒரு படி கல்லூரி நூலகத்திலும், ஒரு படி ஊராட்சி அலுவலகத்திலும், ஒரு படி பள்ளிவாசலிலும் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என ஆண்டுக்கு இருமுறை அளந்தால் போதும்; செப்டம்பரில் முதற் பக்கத்தை எழுதிவிடலாம்.