விதி இருக்கிறது, காரணம் எங்கே?

ஸ்டார்ட்அப் வேலையை விட்டுவிட்டுப் பெரிய நிறுவனத்தில் சேர்ந்தபோது எனக்கு இரண்டு விதமான வாழ்த்துகள் வந்தன. "அப்பாடா, இனிமேலாவது கம்பெனி பேரைச் சொன்னா நாலு பேருக்குப் புரியும்" என்றார் மாமியார். "ரெஸ்ட் எடுக்கப் போறீங்களாக்கா?" என்று கேட்டார்கள் பழைய அலுவலகத்துத் தம்பிகள். ஓராண்டு ஓடிவிட்டது. மாமியார் சொன்னது பலித்தது. தம்பிகள் சொன்னது பலிக்கவில்லை. ஒரு வாரத்தில் முடிகிற வேலையைப் பொறுமையாக இரண்டு மாதம் நகர்த்திக்கொண்டு போவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் பணப் பரிமாற்ற மென்பொருள் எழுதுகிறவள். பெருங்குடியில் இருந்த அந்தச் சிறு நிறுவனத்தில் எங்கள் குழு மொத்தமே ஐந்து பேர். டேட்டாபேஸில் ஒரு மாற்றம் வேண்டுமென்றால் டீக்கடைக்குப் போகிற வழியில் பேசி முடித்து, திரும்பி வந்ததும் செய்துவிடுவோம். ஏதாவது உடைந்தால் வாடிக்கையாளர் நேரே ஃபவுண்டருக்குப் போன் போடுவார். அவர் எங்கள் மேசைக்கு ஓடி வருவார். பழையபடி மாற்றி வைப்போம்.

இப்போது வேலை பார்ப்பது வெளிநாட்டு வங்கி ஒன்றின் சென்னைத் தொழில்நுட்ப மையத்தில். அதே அளவு மாற்றத்துக்கு இங்கே விண்ணப்பம் எழுத வேண்டும். என்ன செய்யப்போகிறாய், யாருக்கெல்லாம் பாதிப்பு வரும், தவறிப்போனால் எத்தனை நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்புவாய், அதைச் சோதித்துப் பார்த்தாயிற்றா என்று வரிசையாகக் கேள்விகள். அப்புறம் ஒப்புதல் கூட்டம். அப்புறம் சனிக்கிழமை இரவு ரிலீஸ். டிசம்பர் பாதியிலிருந்து புத்தாண்டு தாண்டும் வரை எதையும் தொடவே கூடாது. அதற்கு ஃப்ரீஸ் என்று பெயர்.

ஸ்டார்ட்அப்காரர்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. ஆனால் 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு நேர்ந்ததைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றினார்கள், ஒன்று விடுபட்டுப்போனது. பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் அந்த ஒரு சர்வரில் விழித்துக்கொண்டு சந்தையில் ஆர்டர்களைக் கொட்டித் தள்ளியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். அடுத்த ஆண்டே அது வேறொரு நிறுவனத்தோடு இணைந்துபோனது. ஏற்றியதை இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை, சரிபார்க்கச் சொல்லும் எழுத்துபூர்வமான நடைமுறையும் அங்கே இல்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவில் பதிவாகியிருக்கிறது.

2024 ஜூலை 19 இன்னும் பலருக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான ஒரு அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து பேர் நிறுவனத்தின் பிழைக்கு அந்த ஐந்து பேரும் சில வாடிக்கையாளர்களும் விலை கொடுப்பார்கள். பெரிய நிறுவனத்தின் பிழைக்கு அதன் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள் விலை கொடுக்கிறார்கள். அதனால் விண்ணப்பம், ஒப்புதல், ஃப்ரீஸ் எல்லாம் எனக்குச் சம்மதமே. கூட்டங்கள் பெருகுவதற்கும் கணக்கு உண்டு. ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே அதை எழுதிவிட்டார்: ஐந்து பேர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள 10 இணைப்புகள் போதும், 50 பேரானால் 1,225 வேண்டும்.

என் குறை வேறு. நாங்கள் பார்க்கும் மென்பொருள்களில் ஒன்றை மாதக் கடைசி இரண்டு நாள் தொடக்கூடாது என்று ஒரு விதி. ஏன் என்று மேனேஜரிடம் கேட்டேன். "எப்பவுமே அப்படித்தான்" என்றார். அவருக்கு மேலே இருப்பவரும் அதையே சொன்னார். கடைசியில், ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட ஒரு சக ஊழியர்தான் விளக்கினார். ஒரு காலத்தில் மாதக் கணக்கு அறிக்கைகள் எல்லாம் ஒரே ஒரு பழைய மெஷினில் ஓடினவாம். அது திணறிவிடக்கூடாது என்பதற்காக வந்த விதி. "மெஷினைக் கழற்றி எத்தனையோ வருஷமாச்சும்மா. விதியை யாரும் கழற்றலை" என்றார்.

சென்னையில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். நாஸ்காமும் ஸின்னோவும் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, பன்னாட்டு நிறுவனங்களின் இத்தகைய மையங்கள் இந்தியாவில் 1,700-க்கும் மேல். அவற்றில் வேலை செய்வோர் சுமார் 19 லட்சம் பேர். விதி பிறந்த இடம் நியூயார்க்கோ லண்டனோ, அதற்குக் காரணமான விபத்தைப் பார்த்தவர்களும் அங்கேதான். நமக்கு வந்து சேர்வது விதி மட்டும். "அங்கேருந்து சொல்லிட்டாங்க" என்ற ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வளர்ந்த விதமும் இதற்கு ஒத்துப்போகிறது. செவ்வாய்க்கிழமை நகம் வெட்டாதே என்றால் வெட்டாமல் இருந்துவிட்டுப் போகிறவர்கள்தானே நாம். திருப்பிக் கேட்டால் எதிர்த்துப் பேசுகிறாள் என்பார்கள். அந்தப் பயம் ஐடி கார்டு மாட்டிய பிறகும் போவதில்லை.

காரணம் தெரியாத விதி இரண்டு வகையில் ஆபத்து. சும்மா கடைப்பிடித்தால் நாள்கள் வீணாகின்றன. அதைவிட மோசம், தேவையான விதியும் தேவையில்லாத விதியும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே ஆகிவிடுவது. அவசரத்தில் இருக்கும் ஒரு இளைஞன் இரண்டையும் சேர்த்தே சடங்கு என்று நினைத்துக் குறுக்கு வழி தேடுவான். அவன் தாண்டிப்போவது மாதக் கடைசி விதியாக இருந்தால் பாதகமில்லை. இரண்டாவது ஆள் சரிபார்க்கும் விதியாக இருந்தால்?

ஸ்டார்ட்அப்களை நான் உயர்த்திச் சொல்லவில்லை. அங்கே இருப்பது இதற்கு நேர் எதிரான நோய். விதி கிடையாது, எல்லாக் காரணமும் யாரோ ஒருவர் தலைக்குள் இருக்கும். அவர் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் கடைசி வாரம் முழுவதும் அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பாதியைக் கேட்க மறந்துவிடுவோம்.

இரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றுதான், விலையும் குறைவு. மென்பொருள் வடிவமைப்பாளர் மைக்கேல் நைகார்ட் 2011-ல் முன்வைத்த ஒரு பழக்கம் இன்று பல குழுக்களில் இருக்கிறது: முக்கியமான ஒவ்வொரு முடிவுக்கும் ஓரிரு பக்கத்தில் குறிப்பு. அப்போது நிலைமை என்ன, என்ன முடிவெடுத்தோம், அதனால் என்ன வரும். நிரலுக்குச் செய்வதை அலுவலக விதிகளுக்கும் செய்யலாம். எந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்தது, யார் பொறுப்பு, எந்த நிலைமை மாறினால் இதை எடுத்துவிடலாம் என்று விதிக்குக் கீழேயே மூன்று வரி போதும்.

இந்த வேலையைத் தொடங்கப் புதிதாகச் சேர்ந்தவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. ஓராண்டுக்குப் பிறகு எல்லாமே பழகிவிடும், கேள்வி வராது. எனக்கே இப்போது குறைந்துவருகிறது. எனவே மேனேஜர்களுக்கு ஒரு யோசனை. புதியவரிடம் மூன்றாம் மாத முடிவில் ஒரு பட்டியல் கேளுங்கள்: காரணம் கேட்டும் பதில் கிடைக்காத விதிகள் எவை? ஒவ்வொன்றுக்கும் காரணத்தைத் தேடிப் பிடித்து எழுதுங்கள். தேவை முடிந்துபோனது என்று உறுதியானால் எடுத்துவிடுங்கள். பத்துப் பேரை வைத்து நிறுவனம் நடத்தும் ஃபவுண்டர்கள் இன்னும் எளிதாகச் செய்யலாம். காரணம் தெரிந்தவர்கள் எல்லோரும் இன்னும் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள்.