மௌனம் மரியாதை ஆகாது

ஜேர்மனியின் தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையற்கூடங்களிலும் உழைக்கும் எம்மவர் பலர், மேற்பார்வையாளரின் சொல்லே முடிந்த முடிபென எண்ணி வாளாவிருக்கின்றனர். மூத்தோரையும் மேலிடத்தையும் கேள்வி கேட்பது அழகன்று என்றே நாம் வளர்க்கப்பட்டோம். இந்நாட்டு வேலைத்தலத்தின் அமைப்போ வேறு.

வாக்குரிமையுள்ள நிரந்தரத் தொழிலாளர் ஐவரேனும் உள்ள நிறுவனத்தில், தொழிலாளர் தமக்கென ஒரு மன்றத்தைத் தெரிவுசெய்யலாம். 'பெற்றிப்ஸ்ராட்' என அழைக்கப்படும் இம்மன்றத்துக்கான சட்டம் 1952 இல் பிறந்து, 1972 இல் புத்துருப் பெற்றது. வாக்களிக்கக் குடியுரிமை வேண்டியதில்லை. 16 வயது நிரம்பியிருந்தாற் போதும். 18 வயது நிரம்பி, ஆறு மாதம் அங்கு பணியாற்றியவர் வேட்பாளராகவும் நிற்கலாம். மன்றம் இருக்கும் இடத்தில் அதன் கருத்தைக் கேளாது செய்யப்படும் பணிநீக்கம் செல்லாது.

மன்றம் இல்லாவிடினும் தொழில் நீதிமன்றம் உண்டு. ஆனால் பணிநீக்கக் கடிதம் கைக்குக் கிடைத்து 3 வாரங்களுக்குள் வழக்கிட வேண்டும். மொழி விளங்காமல் அக்கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்து, தவணையைத் தவறவிட்டோரை நாம் அறிவோம்.

ஆகவே, வேலையில் சேரும் நாளிலேயே மன்றம் உண்டா என விசாரிப்போம். இல்லையெனில் உடன் உழைப்போருடன் பேசுவோம். கேட்பவரை இந்நாட்டுச் சட்டம் குற்றவாளியாகக் கொள்வதில்லை. பேசாதிருப்பவருக்காக அது காத்திருப்பதுமில்லை.