இயந்திரம் கண்காணிப்பது யாரை?

பொது விநியோகத் திட்டத்தைக் கணினிமயமாக்கியதன் பயனாக 5.8 கோடி போலிக் குடும்ப அட்டைகள் நீக்கப்பட்டதாக 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. நாடெங்கும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கடைகளில் கைரேகைக் கருவிகள் பொருத்தப்பட்டிருப்பதும் அந்த அறிவிப்பில் பெருமிதத்தோடு குறிப்பிடப்பட்டது. தில்லியில் இத்தகைய எண்ணிக்கைகள் சாதனையாகவே வாசிக்கப்படுகின்றன. நீக்கப்பட்டவை அனைத்தும் போலிதானா என்ற கேள்வி அங்கே அரிதாகவே எழுகிறது. அதற்கு விடை தேட ஜார்க்கண்டுக்குத்தான் செல்ல வேண்டும்.

2017-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஆதாருடன் இணைக்கப்படாத குடும்ப அட்டைகளை ரத்து செய்யுமாறு அம்மாநிலத் தலைமைச் செயலரிடமிருந்து உத்தரவு பிறந்தது. செப்டம்பரில் மாநில அரசு வெளியிட்ட ஆயிரம் நாள் சாதனைப் பட்டியலில், 11 லட்சத்துக்கும் அதிகமான போலி அட்டைகளை ஒழித்ததும் இடம்பெற்றது (பின்னர் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 7 லட்சம் எனத் திருத்தப்பட்டது). அதே மாத இறுதியில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். பசியால் இறந்தாள் என்றார் தாய். மலேரியாவால் என்றது அரசு. அட்டை ரத்தானதால் அந்த வீட்டுக்குப் பல மாதங்களாக ரேஷன் அரிசி கிடைக்கவில்லை என்பது மட்டும் உண்மை.

இதை ஒரு தனிப்பட்ட துயரம் என்று ஒதுக்கிவிட முடியாது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் ஜார்க்கண்டின் 10 மாவட்டங்களில் விரிவான ஆய்வு நடத்தினர். 2016-க்கும் 2018-க்கும் இடையே ரத்தான அட்டைகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது, உண்மையான குடும்பங்களுக்கு உரியவை என்று அவர்கள் கண்டறிந்தனர். கைரேகை கட்டாயமாக்கப்பட்டதால் கசிவு குறைந்ததா என்றால், தொடக்கக் கட்டத்தில் சராசரியாக எந்தக் குறைவும் இல்லை. ஆதார் இணைக்கப்படாத குடும்பங்கள் பெற்றுவந்த பயன்தான் சுமார் 10 சதவீதம் குறைந்தது.

காரணத்தைக் கண்டறியப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. இன்று ரேஷன் கடைகளில் நடக்கும் திருட்டின் பெரும்பகுதி ஆள்மாறாட்டத்தால் நடப்பதன்று, எடையில் நடப்பது. ஜார்க்கண்ட் கிராமங்களில் இதற்குக் 'கட்டௌதி' என்றே பெயர். ஆளுக்கு 5 கிலோ என்று பதிவேட்டில் இருக்கும். பையில் விழுவது அதைவிடக் குறைவாக இருக்கும். விரலை வைத்தவர் உரியவர்தான் என்று இயந்திரம் உறுதி செய்கிறது. அவருக்கு எத்தனை கிலோ கிடைத்தது என்று அது கேட்பதில்லை. கடைக்காரரின் கணக்குக்கு அதுவே அத்தாட்சியாகவும் ஆகிவிடுகிறது. மறுபுறம் மின்சாரம், இணையத் தொடர்பு, தொலைவில் இருக்கும் ஆதார் கணினி, உழைத்துத் தேய்ந்த விரல் ஆகிய அனைத்தும் ஒரே நொடியில் ஒத்துழைத்தால்தான் மூதாட்டி ஒருவருக்கு அரிசி கிடைக்கும். ஜார்க்கண்டில் கைரேகைச் சரிபார்ப்பின் தோல்வி 49 சதவீதம் என்ற மதிப்பீட்டை மத்திய நிதி அமைச்சகத்தின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே எடுத்துக்காட்டியது.

தொழில்நுட்பமே வேண்டாம் என்பதல்ல வாதம். ஜார்க்கண்டைப் போலவே 2000 நவம்பரில் பிறந்த அண்டை மாநிலம் சத்தீஸ்கர். அங்கு 2004-இல் ரேஷன் கடைகள் தனியாரிடமிருந்து பறிக்கப்பட்டு ஊராட்சிகள், மகளிர் குழுக்கள், கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அதன்பிறகுதான் கணினி வந்தது. அது நெல் கொள்முதலிலிருந்து கிடங்கு வரையும், கிடங்கிலிருந்து கடை வரையும் மூட்டைகளைப் பின்தொடர்ந்தது. அரிசி கடை வாசலுக்கே லாரியில் அனுப்பப்பட்டது. லாரி புறப்பட்ட செய்தி, விரும்பிப் பதிவு செய்துகொண்டோரின் கைப்பேசிக்குச் சென்றது. 2004-05-இல் ஏறத்தாழ பாதியளவாக இருந்த கசிவு, 2009-10-இல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக ழான் திரேஸ், ரீத்திகா கேரா ஆகியோரின் மதிப்பீடுகள் கூறுகின்றன. சத்தீஸ்கரில் ஊழல் அடியோடு ஒழிந்துவிடவில்லை. 2015-இல் குடிமைப் பொருள் கழகத்திலேயே சோதனைகள் நடந்தன. ஆயினும் அங்கே இயந்திரம் முதலில் கண்காணித்தது அரசின் லாரியை. ஜார்க்கண்டில் கண்காணித்தது ஏழையின் விரலை.

2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, வாசல்வரை விநியோகம், முழுக் கணினிமயம், ஆதார், ஆவணங்களின் வெளிப்படைத்தன்மை எனப் பல சீர்திருத்தங்களை அடுத்தடுத்து வரிசைப்படுத்துகிறது. அவற்றில் ஆதாருக்குக் காட்டிய முனைப்பை மற்றவற்றுக்கு தில்லி காட்டவில்லை. எந்த மாநிலத்திலும் அரிசி பெறலாம் என்ற வசதி புலம்பெயர் தொழிலாளர்களுக்குப் பெரும் உதவி என்பதையும், அதற்கு மின்னணு அடையாளம் தேவை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வசதியை நாடுபவருக்கும், பிறந்த ஊரைவிட்டு நகராத விதவைக்கும் ஒரே நிபந்தனை எதற்கு?

2018 ஆதார் தீர்ப்பில், சரிபார்ப்பு தோல்வியுற்றது என்பதற்காக எவருக்கும் பயன் மறுக்கப்படலாகாது என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. உரிய தானியம் வழங்கப்படாவிட்டால் உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 8-ஆவது பிரிவு. தோல்வியை நொடியில் பதிவு செய்யும் கணினிக்கு, அந்தப் படியைக் கணக்கிடுவது கடினமான வேலையா என்ன?

இந்நிலையில் 2025 ஜூலையில் மத்திய அரசு விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மின்னணுச் சரிபார்ப்பு கட்டாயம். ஆறு மாதம் பொருள் வாங்காத அட்டைகள் முடக்கப்படும். அதன்பிறகு மூன்று மாதத்துக்குள் நேரில் விசாரித்துத் தகுதி முடிவு செய்யப்படும் என்கிறது திருத்தம். அரிசி தேவைப்படாமல் வராதவரையும், விரல் பதியாமல் வெறுங்கையோடு திரும்பியவரையும் கணினி ஒரே பட்டியலில்தான் சேர்க்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் கிராம சபையில் பட்டியலைப் படித்து, வீட்டுக்குச் சென்று விசாரிக்கட்டும், அதுவரை அந்த அட்டைக்கு அரிசி தொடரட்டும்.