திமிங்கிலத்தை அழைக்கும் நீரோட்டம்

முல்லைத்தீவுக் கரையில் வாழ்வோருக்கு வாடையையும் சோழகத்தையும் நாம் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. வாடையிற் கடல் கொந்தளிக்கும். சோழகத்திற் கீழ்க்கரைக் கடல் அடங்கியிருக்கும். ஆனால், இக்காற்றுகளுக்கும் உலகின் மிகப் பெரிய உயிராகிய நீலத் திமிங்கிலத்துக்கும் உள்ள தொடர்பை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

திமிங்கிலம் கூடுமிடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உணவே. இருபது மீற்றருக்கு மேல் வளரும் இவ்வுயிர் நம் கடலில் உண்பதோ மிகச் சிறிய இறால் வகைகளை! அவ்விறால்களின் வாழ்வு கடலில் மிதக்கும் நுண்தாவரங்களைச் சார்ந்தது. நுண்தாவரம் செழிக்க வெயிலும் வேண்டும், உரமும் வேண்டும். வெயில் மேலே உள்ளது. உரமோ ஆழத்துக் குளிர்நீரில் உள்ளது. கிணற்று நீரைத் துலா மேலே கொணர்வது போல, அந்த அடிநீரை மேலே கொணர்வன காற்றும் நீரோட்டமுமே.

சோழகக் காலத்தில் அரபிக் கடலிலிருந்து வரும் நீரோட்டம் இலங்கையின் தென்முனையைச் சுற்றி வங்காள விரிகுடாவினுட் புகுகின்றது. அப்பொழுது, காற்றின் சுழற்சியால், நமது தீவுக்குக் கிழக்கே குளிர்நீர் மேலெழுகின்றது. ஆராய்ச்சியாளர் இதனை ‘இலங்கைக் குவிமாடம்’ என்பர். வாடைக் காலத்தில் தென்கடல் நீரோட்டம் திசைமாறி மேற்கு நோக்கி ஓடும்.

கடலடியின் அமைப்பும் இதற்குத் துணைபுரிகின்றது. வன்னியின் மேற்கே பாக்கு விரிகுடா ஆழங் குறைந்தது, பெருந்திமிங்கிலத்துக்கு ஏற்றதன்று. முல்லைத்தீவுக்குத் தெற்கே, திருகோணமலையிலோ, கடலடிப் பள்ளத்தாக்கொன்று துறைமுகத்தை அண்மி வருகின்றது. அதனால் ஆழ்கடல் உயிர்கள் கரையருகே தோன்றுகின்றன. 1983 இல் ‘ரியூலிப்’ என்னும் பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர், அங்கே நீலத் திமிங்கிலங்களைக் கண்டு ஆராய்ந்தனர்.

பெருந்திமிங்கிலங்கள் குளிர்கடலில் உண்டு, வெப்பக்கடலில் இனம்பெருக்கும் என்பதே முன்னாளைய கொள்கை. 2003 இல் இலங்கையரான ஆஷா டி வொஸ், நம் தென்கடலில் நீலத் திமிங்கிலங்களின் செந்நிற எச்சத்தைக் கண்டார். இவை இங்கேயே இரை தேடுகின்றன என்பதற்கு அது சான்றாயிற்று.

1979 இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைச் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்தது. வேட்டை தடுக்கப்பட்டாலும் ஆபத்து நீங்கவில்லை. உணவு மிகுந்த தேவேந்திரமுனைக் கடலூடாகவே பெருங்கப்பல்களும் செல்கின்றன. அவற்றில் மோதித் திமிங்கிலங்கள் மடிகின்றன. திமிங்கிலம் தன் உணவை விட்டு விலக இயலாது. கப்பல் விலக இயலும். 2022 இல் எம்.எஸ்.ஸி. கப்பற் கொம்பனி தன் கப்பல்களை மேலுந் தெற்கே செலுத்த முன்வந்தமை பாராட்டுக்குரியது. ஏனையோரும் இதனைப் பின்பற்றல் வேண்டும்.

எக்காற்றில் நீர் குளிரும், எப்பொழுது நிறம் மாறும், எம்மீன் படும் என்பவற்றை நம் கடற்றொழிலாளர் நன்கறிவர். மாணவர்கள் அவர்களிடங் கேட்டுத் திகதியுடன் எழுதிவைத்தல் நன்று. நாளை நம் கடலை ஆராய்வோருக்கு அக்குறிப்புகள் பெரிதும் பயன்படும்.